பருத்த உடலும் வருந்தும் உள்ளமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில், குத்தாலம் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

     

வெள்ளி விழா மேடையில் கல்வி, உதவித்தொகை, இடஒதுக்கீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றைப் பற்றிப் பேச நம்மினும் தகுதி வாய்ந்த அறிஞர் பெருமக்கள் இங்கு வந்திருக்கிறார்கள். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். உடல் பருமன் உடையோர்க்கு நேரும் மனத்துயரம் எத்தகையது? அத்துயரத்தைத் தொலைபேசி வாயிலாகவும் இணையத்தின் வாயிலாகவும் ஆற்றிக்கொள்ள என்ன வழி? இவ்விரு வினாக்களுக்கே இன்று விடை காண முயல்வோம்.

"பசியைப் பற்றிப் பேச வேண்டிய சமுதாயத்தில் பருமனைப் பற்றிப் பேசுவதா?" என்று சிலர் எண்ணக்கூடும். கல்விச் சங்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கக்கூடும். தொடர்பு உண்டு. பள்ளியில் நாள்தோறும் பிள்ளைகளைக் காண்பவர்கள் அதனை அறிவார்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி விளையாட்டு வகுப்பு உள்ள நாள்களில் மட்டும் வரமாட்டாள். கேட்டால் தலைவலி என்பாள். மதிய உணவு வேளையில் தட்டை எடுத்துக்கொண்டு எவரும் இல்லாத மூலைக்குப் போய்விடுவாள். புகைப்படம் எடுக்கும்போது பின்வரிசையில் ஒதுங்கி நிற்பாள். சில மாதங்களில் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். ஆசிரியர்கள் வீட்டுக்குச் சென்று பக்குவமாக விசாரித்தால் உண்மை தெரியும். வகுப்பிலும் தெருவிலும் அவளை "குண்டு" என்றும் "நெற்குதிர்" என்றும் அழைத்திருக்கிறார்கள். சில வேளைகளில் வீட்டிலேயும் அப்படித்தான் அழைத்திருக்கிறார்கள். வறுமையால் படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் கணக்கெடுத்திருக்கிறோம். கேலியால் படிப்பை விட்ட பிள்ளைகளை எவர் கணக்கெடுத்தார்?

முதலில் நிலைமை யாதென்று காண்போம். உடல் எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் அளந்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். ஒன்றரை மீட்டர் உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவருக்கு அது ஏறத்தாழ 26.7 ஆகும். அவ்வெண் 25-ம் அதற்கு மேலும் இருப்போரை மிகை எடை உடையோர் எனத் தேசியக் குடும்பநல ஆய்வு கணக்கிடுகிறது. 2015-16 ஆம் ஆண்டு ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் அந்நிலையில் இருந்தனர். 2019-21 ஆய்வில் அது 40.4 ஆக உயர்ந்தது. ஆண்களில் 28.2 ஆக இருந்தது 37.0 ஆயிற்று. ஐந்தாண்டு இடைவெளியில் ஏற்பட்ட உயர்வு இது. பத்துப் பெண்களில் நால்வர் என்றால், அந்நால்வரும் மாடி வீடுகளில் மட்டும் வாழ்கிறார்கள் என்று எவரும் சொல்ல முடியாது. நம் தெருக்களிலும் வாழ்கிறார்கள்.

நமக்கு இது எவ்வாறு வந்தது? இவ்வினாவை நம் வரலாற்றோடு சேர்த்தே ஆராய வேண்டும். பொன் விளையும் பூமி எனப் புகழப்பட்ட காவிரிப் படுகையில், அப்பொன்னை விளைவித்த நம் முன்னோர் அரை வயிற்றுக் கஞ்சிக்கு ஏங்கினர். தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952 ஆம் ஆண்டில் வந்த பிறகே பண்ணையாளின் கூலிக்குச் சட்டத்தின் காவல் கிடைத்தது. அதன் பின்னும், 1968 டிசம்பர் 25 ஆம் நாள் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட மக்களைச் சேர்ந்த 44 உயிர்கள் தீக்கு இரையாயின. அக்காலத்தில் தொந்தி என்பது மிராசுதாரரின் அடையாளம். ஒட்டிய வயிறு நம் அடையாளம். அந்த நினைவு இன்றும் நம்மிடையே இருப்பதால்தான், பருத்த உடலைக் கண்டவுடன் "உட்கார்ந்து தின்ற உடம்பு" என்ற சொல் வாயில் வந்துவிடுகிறது.

ஆனால் அறிவியல் வேறு செய்தியைச் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியரின் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் கொடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்த ஆண்மக்களை அவர்களது 19 ஆம் வயதில் ஆராய்ந்து 1976 இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருக்காலத்தின் முற்பகுதியில் தாய் பட்டினி கிடந்தால், அம்மகன் பருமனாகும் வாய்ப்பு மிகுதி என்று அது கண்டது. நம் நாட்டில் புனே நகரில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் மற்றொன்றைக் கண்டனர். இந்தியக் குழந்தைகள் ஆங்கிலேயக் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறந்தாலும், உடற்கொழுப்பு அதே அளவுக்குக் குறைந்திருப்பதில்லை என்பதே அது. பட்டினியை அறிந்த உடல், கிடைத்ததைச் சேமித்து வைக்கப் பழகுகிறது. ஆகவே இன்றைய பருமனின் வேர்களுள் ஒன்று பழைய பசியில் இருக்கலாம். பாட்டியின் பட்டினிக்குப் பேத்தியைப் பரிகசிப்பது எந்த நியாயம்?

இன்னும் பல காரணங்கள் உள்ளன. உழவுக்கு டிராக்டரும், நடவுக்கு நடவு இயந்திரமும், அறுப்புக்கு அறுவடை இயந்திரமும் வந்துவிட்டன. குனிந்து நிமிர்ந்த உடல்களுக்கு அந்த வேலை குறைந்தது; வேறு வேலை போதிய அளவு வரவில்லை. 2011 ஜூன் முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அது நம் அடுப்பை அணையாமல் காத்தது. அதனைக் குறை கூறுவது நன்றி மறப்பதாகும். ஆயினும் அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் எளிதில் கிடைக்க, காய்கறி, பழம், பயறு, மீன் ஆகியவை கூலிக்காரருக்கு எட்டாத விலைக்குப் போயின. வயிறு நிறைந்தது, சத்து நிறையவில்லை. பரம்பரையும் ஒரு காரணம். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்து 1986 இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களின் உடல்வாகு வளர்த்த பெற்றோரை ஒத்திராமல் பெற்ற தாய் தந்தையரையே ஒத்திருந்தது. தைராய்டுக் குறைபாடு, கருப்பையருகே சினைப்பை நீர்க்கட்டிகள், ஸ்டீராய்டு மருந்துகள், மனநோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகள் ஆகியவையும் எடையைக் கூட்டும். இத்தனை காரணங்கள் இருக்க, "வாயைக் கட்டினால் போதும்" என்று ஒற்றை வரியில் தீர்ப்புக் கூறுவது அறியாமையே.

இனி உள்ளத்துக்கு வருவோம். பருமனும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்ப்பவை. உலகின் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, பருமன் உடையோர்க்குப் பின்னாளில் மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்க்கு உள்ளதைக் காட்டிலும் 55 விழுக்காடு கூடுதல் என்றும், மனச்சோர்வு உடையோர் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 58 விழுக்காடு கூடுதல் என்றும் கண்டது. மனம் சோர்ந்தவர் உறக்கம் இழக்கிறார். வெளியே நடமாடுவதைக் குறைக்கிறார். சிலர் ஆறுதலுக்காக உண்கிறார். உண்டபின் தம்மையே நொந்துகொள்கிறார். அந்த நோவை மறக்க மீண்டும் உண்கிறார். எவரும் காணாத வேளையில், வயிறு வலிக்கும் வரை, நிறுத்த முடியாமல் உண்டு, பின்பு வெட்கி அழுவது என்பது பேராசை அன்று. மட்டுமீறி உண்ணும் அக்கோளாறு 2013 இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனி நோயாகவே சேர்க்கப்பட்டது. அதற்குச் சிகிச்சையும் உண்டு.

"நாலு பேர் கேலி செய்தால் ரோஷம் வந்து இளைத்துவிடுவான்" என்று நம்புவோர் நம்மிடையே இருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பது அதற்கு மாறானது. அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2013 இல் முடிவை வெளியிட்டனர். எடையின் பொருட்டு அவமதிப்புக்கு ஆளானவர்கள், ஆளாகாதவர்களைவிடப் பருமனாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று தெரிந்தது. பல நாட்டு மருத்துவ வல்லுநர்கள் 2020 இல் கூடி, பருமன் உடையோரை இழிவுபடுத்துவது அவர்களின் உடலுக்கும் உள்ளத்துக்கும் கேடு செய்கிறது, அதனை ஒழிக்க வேண்டும் என்று கூட்டறிக்கை வெளியிட்டனர். கேலி எவரையும் இளைக்கச் செய்வதில்லை, ஒளிந்துகொள்ளத்தான் செய்கிறது.

இதனை நமக்கு அயல்நாட்டு ஆய்வு வந்துதான் சொல்ல வேண்டுமா? பிறந்த உடலின் காரணமாக ஒருவரைத் தாழ்த்துவது எத்தகைய கொடுமை என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்? வயலில் நாள் முழுதும் குனிந்து நின்றவர்களை, வரப்பில் குடை பிடித்து நின்றவர் "சோம்பேறிகள்" என்றனர். அச்சொல் பொய் என்பது நமக்குத் தெரியும். இழிவு நம் உடலில் இல்லை, இழிவுபடுத்துவோரின் பார்வையில்தான் இருக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் முதலான தலைவர்களின் வாழ்விலிருந்து கற்றோம். கற்ற அந்தப் பாடத்தை நம் வீட்டுத் திண்ணையிலேயே மறக்கலாமா? அதே "சோம்பேறி" என்ற சொல்லை நம் பிள்ளையின் மீது நாமே வீசலாமா? திரைப்படத்தில் பருத்த நடிகர் வந்தாலே சிரிக்க வேண்டும் என்று பழகிவிட்டோம். "குண்டு" என்ற சொல்லைத் தம் பெயரின் முன்னே தாங்கியே குண்டு கல்யாணம் போன்ற கலைஞர்கள் நடிக்க வேண்டியிருந்தது. திரையில் சிரித்த சிரிப்பு தெருவுக்கு வருகிறது. தெருவிலிருந்து வகுப்பறைக்கு வருகிறது. இன்று கைப்பேசியிலும் வருகிறது. ஒரு பிள்ளை நடந்து செல்வதைப் பின்னால் நின்று படமெடுத்து, பாட்டுச் சேர்த்து, நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அதே கைப்பேசி துன்பம் தீர்க்கவும் பயன்படும் என்பதே இன்று நாம் கூற விரும்பும் தலையாய செய்தி.

மருத்துவமனைக்குச் செல்ல ஏன் தயங்குகிறார்கள்? குத்தாலத்திலிருந்து மயிலாடுதுறைக்கோ தஞ்சாவூருக்கோ சென்று மனநல மருத்துவரைக் காண வேண்டுமென்றால் ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். பேருந்தில் ஏறினால் "இரண்டு டிக்கெட் எடு" என்று எவரேனும் நகைப்பர். காத்திருக்கும் இடத்தில் தெரிந்தவர் பார்த்தால், "பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். 2015-16 இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலக் கோளாறு உடையோரில், நோய்க்கு ஏற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாமல் இருப்பதைக் கண்டறிந்தது. பருமன் உடையவருக்கோ தடை இரட்டிப்பு. தம் உடலை நாலு பேர் பார்க்கும்படி வெளியே செல்வதே அவருக்கு வேதனை.

தொலைபேசியில் பேசுபவரின் உடல் தெரிவதில்லை; குரல் மட்டுமே கேட்கிறது. பருமன் உடையவரைப் பொறுத்தவரை இது பெரும் விடுதலை. வாழ்நாளில் முதன்முறையாக, தம்மைப் பார்த்து முடிவு கட்டாத ஒருவரிடம் அவர் பேசுகிறார்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1953 இல் இலண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், தற்கொலை எண்ணம் கொண்டோர் அழைத்துப் பேசுவதற்கென ஒரு தொலைபேசியை வைத்து, சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். 1960 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மட்டுமீறி உண்ணும் பழக்கத்தால் வருந்தியோர் தாமே ஒன்றுகூடி, ஒருவர்க்கொருவர் துணையாக ஒரு சங்கத்தை அமைத்தனர். அச்சங்கத்தின் கூட்டங்கள் இன்று தொலைபேசியிலும் இணையத்திலும் நடக்கின்றன. நம் சென்னையில் 1986 இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' அமைப்பைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1984 இல், டாக்டர் சாரதா மேனன் 'ஸ்கார்ஃப்' என்னும் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தைச் சென்னையில் நிறுவியிருந்தார். அந்நிறுவனம் 2010 இல் புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு திரை. திரையில் சென்னையிலிருந்து மருத்துவர். அருகிலேயே மருந்து வழங்கும் இடம். ஊர்க்காரர் பேருந்தில் ஏறி அமர்ந்து, தம் துன்பத்தை மருத்துவரிடம் நேரில் கூறுவது போலவே கூறினர். காவிரிப் படுகையின் அண்டை மாவட்டத்தில் இது நடந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று அத்தகைய உதவிக்குப் பேருந்தும் தேவையில்லை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று, மத்திய அரசு 'டெலி மானஸ்' என்னும் தேசியத் தொலைபேசி மனநலத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே மாதத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அது நடைமுறைக்கு வந்தது. எண் 14416. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் இயங்கும், தமிழிலேயே பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். நோய் கடுமையாக இருப்பதாகத் தெரிந்தால் மனநல மருத்துவர் போன்ற வல்லுநரோடு இணைப்பார். நேரில் காண வேண்டுமெனில் அரசு மருத்துவமனைக்கு வழிகாட்டுவார். 2024 அக்டோபரில் இதற்கெனக் கைப்பேசிச் செயலியும் வந்தது. எழுத்தறிவு குறைந்த நம் தாய்மார்களுக்குச் செயலி வேண்டியதில்லை. ஐந்து எண்களை அழுத்தத் தெரிந்தால் போதும். முதல் முறை இணைப்புக் கிடைக்காவிட்டால் மீண்டும் முயல வேண்டும்.

"இது அரசு போடும் பிச்சையா?" என்று சுயமரியாதை உள்ள இளைஞர் கேட்கலாம். பிச்சை அன்று, உரிமை. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒவ்வொருவர்க்கும் அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநலச் சேவையைப் பெறும் உரிமையை வழங்கியிருக்கிறது. சாதி, மதம், பால், வர்க்கம் ஆகியவற்றின் பேரால் பாகுபாடு கூடாதென்றும், நோயாளி கூறியவற்றை இரகசியமாகக் காக்க வேண்டுமென்றும் அச்சட்டமே கூறுகிறது. வாக்குரிமையைப் பயன்படுத்துவது போல இவ்வுரிமையையும் பயன்படுத்த வேண்டும்.

அழைத்து என்ன பேசுவது? "நான் பருமனாக இருக்கிறேன், வெளியே செல்ல வெட்கமாக இருக்கிறது, இரவில் உறக்கம் இல்லை, தனியாக இருக்கும்போது அளவின்றி உண்டு விடுகிறேன், உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது" என்று உள்ளதை உள்ளபடி கூறினால் போதும். அழகாகப் பேச வேண்டியதில்லை. எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்பது அங்கே முதற்கேள்வி அன்று. எத்தனை நாளாய் வருந்துகிறாய் என்பதே முதற்கேள்வி.

இதன் எல்லையையும் சொல்லிவிடுவது கடமை. தொலைபேசி இரத்த அழுத்தத்தைப் பார்க்காது, சர்க்கரையை அளக்காது. மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, மிகுந்த தாகம், மாதவிடாய்க் கோளாறு ஆகியவை இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்றே ஆக வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டுக்கு வரும்போது பரிசோதனையை மறுக்கலாகாது. மனநோய் மாத்திரையால் எடை கூடுகிறது என்று எண்ணி, மாத்திரையைத் தாமே நிறுத்துவது ஆபத்து. மருத்துவரிடம் சொன்னால் அவர் மாற்றித் தருவார்.

இணையத்தில் இன்னொரு படுகுழியும் உண்டு. "பத்தே நாளில் பத்துக் கிலோ" என்று கூவி விற்கும் பொடிகள், தேநீர்கள், பட்டைகள் நம் பெண்களின் கைப்பேசியைத் தேடி வருகின்றன. களையெடுத்துச் சேர்த்த கூலி அப்பொடிக்குப் போகிறது. பொடி பலிக்காதபோது, "என்னிடந்தான் குறை" என்று அப்பெண் மேலும் நொந்துபோகிறாள். எடைக் குறைப்புக்கென 2025 இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஊசி மருந்துகள் மெய்யான மருந்துகளே. ஆயினும் அவை மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே போடத்தக்கவை. முகம் தெரியாதவரிடம் பணம் அனுப்பி வாங்கத்தக்கவை அல்ல. எனவே இளைஞர்கள் ஓர் அளவுகோலை மனத்தில் கொள்ள வேண்டும். உண்மையான உதவி உங்களைக் கேட்கும். உங்களிடம் எதையும் விற்காது.

இனி, நம் சங்கம் செய்யத்தக்கது யாது? ஓர் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே அறை கொண்ட தொகுப்பு வீட்டில் ஆறு பேர் வாழ்கிறோம். கைப்பேசியும் பெரும்பாலும் ஒன்றே. அதுவும் தந்தையின் கையிலோ அண்ணனின் கையிலோ இருக்கும். அவ்வீட்டில் வாழும் பெண் தன் உள்ளத்தை எங்கே நின்று திறப்பாள்? எண் கட்டணமற்றது, பேசத் தனியிடம் இல்லையே! அரசால் தர முடியாத அவ்விடத்தைச் சங்கத்தால் தர முடியும். அதற்காக மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, நம் சங்கக் கட்டடத்தில் கதவு உள்ள ஓர் அறையை ஒதுக்க வேண்டும். ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், சங்கத்துக்குச் சொந்தமான ஒரு கைப்பேசி, சுவரில் 14416 என்ற எண் ஆகியவை போதும். மாலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கு. மற்ற நேரம் ஆண்களுக்கு. சாவி, மகளிர் உறுப்பினர் ஒருவரிடம் இருக்கட்டும். யார் வந்தார், எதற்கு வந்தார் என்று எவரும் கேட்கலாகாது, பதிவேடும் வேண்டியதில்லை. நாற்காலி கைப்பிடி இல்லாததாக, அகலமானதாக இருக்கட்டும். பருத்த உடலினர் அமரத் தயங்காதிருக்க இச்சிறு கவனம் தேவை.

இரண்டாவதாக, சங்க இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் உடலைப் பற்றிய கேலிப் படமும் சொல்லும் கூடாது என்று தீர்மானம் இயற்ற வேண்டும். சாதிப் பெயர் சொல்லி இழித்தால் எவ்வாறு பொறுக்கமாட்டோமோ, அவ்வாறே இதனையும் பொறுக்கலாகாது. விரும்புவோர்க்கு மட்டும் சிறு துணைக்குழு ஒன்று அமையலாம். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் அழைத்துப் பேசவும், மாலையில் காவிரிக் கரையில் சேர்ந்து நடக்கவும் அது உதவும். அங்கே புகைப்படம் கேட்கலாகாது. எடைப் போட்டி கூடாது. மருந்து விற்பனை கூடாது. நோய்க்கு யோசனை சொல்லுதலும் கூடாது. கடுமையான துயரைக் கண்டால் வல்லுநரிடம் சேர்ப்பிப்பதே அக்குழுவின் வேலை.

மூன்றாவதாக, சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் குறிப்பேடுகளின் பின்னட்டையில் அவ்வெண்ணை அச்சிட வேண்டும். கேலிக்கு ஆளான பிள்ளை எவரிடமும் கேளாமலே அதனைக் காணும்.

தற்கொலை எண்ணத்தை வாய்விட்டுச் சொன்னவரை "சும்மா மிரட்டுகிறான்" என்று தள்ளிவிடாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். வயலுக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்தை அகற்றி வையுங்கள். அருகில் அமர்ந்து 14416 ஐ அழையுங்கள். உயிருக்கு ஆபத்தெனில் 108 ஐ அழையுங்கள். புத்திமதி அப்போது வேண்டாம், துணைதான் வேண்டும்.

பெற்றோர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைக்குத் தட்டில் சோறு இடும்போது கணக்குச் சொல்லாதீர்கள். திருமணப் பேச்சில், "கொஞ்சம் இளைக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மகள் காதில் விழப் பேசாதீர்கள். அவளுக்கென்று தனிக் கஞ்சி வைக்காதீர்கள். கீரையும் பயறும் கேழ்வரகும் சமைத்தால் வீட்டார் அனைவர்க்கும் சேர்த்தே சமையுங்கள். நல்ல உணவு தண்டனையாகிவிடக் கூடாது.

இளைஞர்களே! அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராகவும் விளங்கியவர். அவர் 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வார இதழைத் தொடங்கினார். ஏழையின் கைக்கும் எட்டும் விலையில் அறிவைக் கொண்டு சேர்த்தார். 1916 இல் சுவாமி சகஜானந்தர் நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கி, கதவு அடைக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார். அப்பெரியோர்கள் தம் காலத்தில் கிடைத்த கருவியைக் கொண்டு, எவருக்கும் எட்டாதிருந்ததை எட்டச் செய்தனர். நம் காலத்துக் கருவி நம் சட்டைப் பையில் இருக்கிறது. அதனைக் கொண்டு ஒருவரை அழவைப்பதும் எளிது. அழுகிறவரின் குரலைக் கேட்பதும் எளிது. இவற்றுள் எது நம் சங்கத்தின் மரபுக்கு ஏற்றது என்பதை உங்கள் முடிவுக்கே விடுகிறோம்.

படிப்பைப் பாதியில் விட்டு வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை உங்கள் தெருவில் எவரேனும் உண்டா என்று பாருங்கள். இருந்தால், "ஏன் இப்படி ஆகிவிட்டாய்?" என்று கேளாதீர்கள். "பள்ளிக்கு வா, உன் இடம் காலியாக இருக்கிறது" என்று சொல்லுங்கள். பேருந்துக் கட்டணமும் புத்தகமும் கொடுத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய சங்கம் இது. அப்பிள்ளைகள் தலைநிமிர்ந்து பள்ளிக்குள் நடந்து வரவும் வழி செய்யட்டும்.



வளர்க கல்வி! வாழ்க சங்கம்! ஓங்குக சுயமரியாதை!